மலையேறாத பாலிசி

கேள்வி: போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் வியாபார நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். சர்வர் போடியில் இருக்கிறது. வண்டன்மேட்டுக் கிளையில் நான்கு கணினிகள், விபிஎன் (இணையத்துக்குள் போடுகிற தனிப் பாதை) வழியாக இதே சர்வரோடு இணைந்தவை. அவற்றில் இரண்டில் குரூப் பாலிசி, அதாவது சர்வரில் ஒரே இடத்தில் போட்டு எல்லாக் கணினிக்கும் போக வேண்டிய கட்டுப்பாடுகள், சரியாக வருவதில்லை. போன மாதம் நானே டொமைனில் (சர்வரின் நிர்வாகத்தில் இருக்கும் கணினிக் கூட்டத்தில்) சேர்த்த புதுக் கணினியில், சர்வரின் பொது ஃபோல்டரான எஸ் டிரைவ் வந்துவிடுகிறது. பென் டிரைவ் தடையும், பத்து நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்கிற ஏற்பாடும் வரவில்லை. பாலிசியை உடனே வாங்கச் சொல்கிற ஜிபிஅப்டேட் கட்டளையை ஃபோர்ஸ் சேர்த்துக் கொடுத்தால் வெற்றி என்கிறது. காஷியரின் பழைய கணினியில் சில நாள் காலையில் எஸ் டிரைவே இருக்காது. பதினொரு மணிக்கு மேல் தானாக வரும். சர்வரில் செய்கிற மாற்றம் அதற்கு ஒரு வாரம் கழித்து வருகிறது, அல்லது வருவதே இல்லை. ஜூனில் இடி இறங்கி மோடம் போய், புது மோடம் வைத்ததிலிருந்து இப்படி. இதற்கு நடுவே, எனக்கு முன்பிருந்தவர் பிரவுசருக்குப் போட்ட பாலிசியைத் திருத்தலாம் என்று ஜிபிஎடிட் என்ற பாலிசி எடிட்டரைத் திறந்தால் அந்த வரியே பட்டியலில் இல்லை. இரண்டு கணினிகளையும் டொமைனிலிருந்து எடுத்து மறுபடி சேர்க்கவா? ஃபார்மட் அடித்துவிடவா, அண்ணே?

பி.கு.: காஷியர் கணினியில் தினமும் காலையில் தேதி தப்பாக வருகிறது. மின்னலுக்குப் பயந்து சாயங்காலம் மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள். காலையில் அவரே தேதியைத் திருத்திக்கொள்கிறார். அது வேறு விஷயம்.

பதில்: தம்பி, அது வேறு விஷயம் இல்லை. காஷியர் கணினியைப் பொறுத்தவரை அந்தப் பின்குறிப்பில்தான் பாதி விடை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், ஃபார்மட் வேண்டாம். டொமைனிலிருந்து எடுத்துச் சேர்ப்பதும் இப்போதைக்கு வேண்டாம். வெளியே எடுப்பது ஒரு நிமிட வேலை. திரும்பச் சேர்க்கும்போது சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அது முரண்டு பிடித்தால், அந்தக் கணினியின் உள்ளூர் அட்மின் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லாமல், மழையில் பதினேழு கொண்டையூசி வளைவு ஏறிப் போய் நிற்க வேண்டியிருக்கும். நான் நின்றிருக்கிறேன்.

உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு இல்லை, மூன்று. ஒரே சமயத்தில் வந்ததால் ஒன்று போலத் தெரிகிறது. புதுக் கணினிக்கு ஒன்று, பழையதற்கு ஒன்று, உங்கள் எடிட்டருக்கு ஒன்று.

ஜிபிஅப்டேட் காட்டுகிற அந்த 'வெற்றி'யை முதலில் புரிந்துகொள்ளுங்கள். சர்வர் எதையும் கணினிக்குள் தள்ளுவதில்லை. கணினிதான் சர்வரிடம் போய், "எனக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கிறது. பூட் ஆகும்போது ஒரு முறை, பயனர் உள்ளே வரும்போது ஒரு முறை, அப்புறம் 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதோடு 30 நிமிடம் வரை கூடலாம். சர்வர் ஒரு பட்டியலைக் கொடுக்கும். அந்தப் பட்டியலில் உள்ளதைச் செய்து முடித்தால் ஜிபிஅப்டேட்டுக்கு வேலை முடிந்தது, வெற்றி என்று சொல்லிவிடும். நீங்கள் நினைக்கிற பாலிசி அந்தப் பட்டியலில் இருந்ததா என்பது அதற்குத் தெரியாது, கவலையும் இல்லை. முந்தைய காலத்து ரேஷன் கடை மாதிரி. அப்போது கார்டு எந்தக் கடையில் பதிவாகியிருந்ததோ அங்கேதான் அரிசி. வீடு மாறியவர் பழைய விலாசத்து கார்டோடு புதுக் கடை வரிசையில் எத்தனை முறை நின்றாலும் பெயர் பட்டியலில் இருக்காது. ஃபோர்ஸ் என்று சேர்த்து அடிப்பதும் அப்படித்தான், அதே வரிசையில் மறுபடி நிற்பது.

உங்கள் புதுக் கணினியின் கதை இதுதான் என்று ஏறக்குறைய அடித்துச் சொல்வேன். காரணம், நீங்கள் எழுதியிருக்கிற அறிகுறியே. எஸ் டிரைவ் வருகிறது, மற்ற இரண்டும் வரவில்லை. டிரைவ் இணைப்பது பயனருக்கான பாலிசி. அது ஊழியரின் கணக்கோடு எந்தக் கணினிக்கும் போகும். பென் டிரைவ் தடை பயனர் பக்கமும் இருக்கிறது, கணினிப் பக்கமும் இருக்கிறது. பெரும்பாலோர் கணினிப் பக்கம்தான் போடுவார்கள். திரைப் பூட்டையும் உங்களுக்கு முன்பிருந்தவர் 600 நொடி என்று கணினிப் பக்கத்துப் பாதுகாப்புப் பிரிவில் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஆக, பயனர் பாதி வருகிறது, கணினிப் பாதி வரவில்லை. அப்படியென்றால் நெட்வொர்க் சரி, சர்வர் சரி, ஊழியரின் கணக்கு சரி. கணினியின் கணக்குதான் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

எந்த இடம்? டொமைனில் புதிதாகச் சேர்க்கிற கணினி, நீங்கள் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் கணக்கேட்டில்) 'கம்ப்யூட்டர்ஸ்' என்ற பெட்டிக்குள் போய் விழும். பார்க்க மற்ற ஃபோல்டர்கள் மாதிரியே இருக்கும். ஆனால் அது ஓயு, அதாவது பாலிசி இணைக்கக்கூடிய பிரிவு, இல்லை. அதற்கு எந்தப் பாலிசியையும் இணைக்க முடியாது. உற்றுப் பாருங்கள்: ஓயுவின் ஃபோல்டர் படத்தின் மேல் சின்னதாக ஒரு புத்தகம் மாதிரி இருக்கும், 'கம்ப்யூட்டர்ஸ்' வெறும் ஃபோல்டர். டொமைன் முழுவதற்கும் போட்ட பாலிசி அங்கே இருப்பவர்களுக்கும் கிடைக்கும். வண்டன்மேடு என்று தனியாக ஓயு வைத்து அதில் இணைத்த பாலிசி கிடைக்காது. நம் ஊர்ப்பக்கம் பத்து இடத்தில் ஆறு இடத்தில் இதுதான் காரணம். இது கணக்கெடுப்பு இல்லை, என் அனுபவத்தில் சொல்கிறேன்.

உறுதிசெய்ய, எந்தெந்தப் பாலிசி வந்தது என்று காட்டுகிற ஜிபிரிசல்ட் கட்டளை இருக்கிறது. போனில் சொல்கிற மாதிரியே சொல்கிறேன்: கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறக்கச் சொல்லுங்கள்; ஜிபிரிசல்ட், ஓர் இடைவெளி, சாய்கோடு, ஆர். அட்மினாகத் திறக்காவிட்டால் பயனர் பாதி மட்டும்தான் காட்டும். கணினிப் பாதி காணோமே என்று நீங்கள் பதறுவீர்கள். இன்னொரு பொறியும் உண்டு. ஊழியர் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் அட்மின் கணக்கைக் கொடுத்துத் திறந்தால், பயனர் பாதியில் உங்கள் கணக்கின் விவரம்தான் வரும், அல்லது அப்படி ஒரு தகவலே இல்லை என்று சொல்லும். அதனால் பயனர் பாதியை ஊழியரின் சாதாரண ஜன்னலிலும், கணினிப் பாதியை அட்மின் ஜன்னலிலும் தனித்தனியாக எடுங்கள்.

வருகிற பக்கத்தில் கணினிப் பகுதியின் முதல் வரியைப் பாருங்கள். கணினியின் பெயர், அதையடுத்து அது இருக்கும் இடம். அங்கே 'ஓயு' என்று தொடங்கி வண்டன்மேடு வந்தால் நல்லது. 'சிஎன்' போட்டு 'கம்ப்யூட்டர்ஸ்' என்று இருந்தால் நான் சொன்னதுதான். அதற்குக் கீழே கடைசியாக எப்போது பாலிசி வந்தது, எந்த சர்வரிடமிருந்து வந்தது என்று இரண்டு வரி. இந்த மூன்றையும் படிக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். மேலே கிளையில் இருப்பவர் மலையாளத்துக்காரர், நீங்கள் தமிழில் சொல்ல அவர் திரையில் ஆங்கிலம் படிக்கிற கூத்தெல்லாம் வேண்டாம். ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

மருந்து எளிது. போடியில் உட்கார்ந்தபடியே அந்தக் கணினியின் கணக்கைச் சரியான ஓயுவுக்கு நகர்த்துங்கள், மேலே கிளையில் அதற்கு ஒரு ரீஸ்டார்ட். இனிமேல் சேர்ப்பவையும் வழிதவறாமல் இருக்க, சர்வரில் ஆர், இ, டி, ஐ, ஆர், சி, எம், பி என்ற எட்டெழுத்துக் கட்டளையில் உங்கள் ஓயுவின் முழு விலாசத்தைக் கொடுத்துவிட்டால், புதுக் கணினிகள் நேராக அங்கே போய் விழும்.

ரீஸ்டார்ட் என்றுதான் சொன்னேன், ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது என்று சொல்லவில்லை. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் பயனரை வெளியேற்றிவிட்டு, விண்டோஸின் உட்கருவான கெர்னலை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துத் தூங்கிவிடும். காலையில் அதையே எழுப்பும். பூட் ஆகும்போது நடக்க வேண்டிய பாலிசி வேலையும் ஸ்கிரிப்ட்டும் அப்போது நடக்காது. "தினமும்தான் அணைத்துப் போடுகிறோமே" என்று கிளையில் சொல்வார்கள்; அவர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் அந்தக் கணினி மாதக்கணக்கில் உண்மையாக அணைந்திருக்காது. டொமைனில் இருக்கிற கணினிகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவைப்பதுதான் என் வழக்கம்.

ஓயு சரியாக இருந்தும் வரவில்லை என்றால், அதே ஜிபிரிசல்ட்டில், 'வடிகட்டப்பட்டதால் கொடுக்கப்படவில்லை' என்ற பொருளில் ஒரு பட்டியல் இருக்கும். உங்கள் தொழிலில் சொன்னால், ஓயு என்பது காயைச் சல்லடைக்குக் கொண்டுவந்து கொட்டுவது. செக்யூரிட்டி ஃபில்டரிங்தான் சல்லடைக் கண். 8 மில்லி சல்லடையில் எது நிற்கும், எது விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பிருந்தவர் ஒரு பாலிசியைக் 'கிளைக் கணினிகள்' மாதிரி ஏதாவது ஒரு குழுவுக்கு மட்டும் என்று சுருக்கிவைத்திருந்தால், புதுக் கணினியை அந்தக் குழுவிலும் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் ரீஸ்டார்ட் செய்தால்தான் தான் அந்தக் குழுவில் இருப்பது கணினிக்கே தெரியும்.

பயனர் பாலிசியை அப்படிச் சுருக்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. 2016 ஜூனில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, பயனருக்கான பாலிசியைக் கூடக் கணினியின் கணக்கை வைத்துத்தான் விண்டோஸ் படிக்கிறது. பழைய பழக்கத்தில் 'ஆதன்டிகேட்டட் யூசர்ஸ்' (சர்வர் அடையாளம் கண்ட எல்லாக் கணக்கும்) என்பதை நீக்கிவிட்டு ஊழியர் குழுவை மட்டும் வைத்திருந்தால், கணினிக்குப் படிக்கிற உரிமை இல்லாமல் அந்தப் பாலிசி யாருக்கும் போகாது. டெலிகேஷன் பக்கத்தில் 'ஆதன்டிகேட்டட் யூசர்ஸ்'க்குப் படிக்கிற உரிமையை மட்டும் திருப்பிக் கொடுங்கள். யாருக்குப் போக வேண்டும் என்பது மாறாது, படிக்க மட்டும் முடியும். உங்கள் எஸ் டிரைவ் புதுக் கணினியில் வருவதால் இது உங்களுக்கு இப்போது இல்லை. நாளைக்கு நீங்களே ஒரு பாலிசியைச் சுருக்கும்போது ஞாபகம் இருக்கட்டும்.

சரி, காஷியரின் கணினிக்கு வருவோம். எனக்குப் பிடித்த கேஸ் இதுதான்.

டொமைனில் ஆரோக்கியமாக இருக்கிற கணினிக்கு யாரும் கையால் மணி வைக்க வேண்டியதில்லை. அது டொமைன் கன்ட்ரோலரிடம், அதாவது உங்கள் போடி சர்வரிடம், நேரத்தை வாங்கிக்கொள்ளும். போர்டில் இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போய், மெயினை அணைத்த ராத்திரியில் தேதியை மறந்தாலும், காலையில் சர்வரைப் பார்த்த சில நிமிடத்தில் தானே திருத்திக்கொள்ள வேண்டும். காஷியர் தினமும் திருத்த வேண்டியிருக்கிறது என்றால், காலையில் அந்தக் கணினி சர்வரைப் பார்க்கவே இல்லை. தேதிக் கோளாறும் பாலிசிக் கோளாறும் ஒரே நோயின் இரண்டு முகம்.

பிறகு எப்படி அவர் டொமைன் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வருகிறார்? கடைசியாக உள்ளே வந்த 10 பேரின் அடையாளத்தை விண்டோஸ் தன்னிடமே வைத்துக்கொள்ளும். சர்வர் இல்லாவிட்டாலும் அதை வைத்து உள்ளே விட்டுவிடும். இந்த வசதி இருப்பதால்தான் இப்படிப்பட்ட கோளாறு மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் ஓடும்.

ஏன் சர்வரைப் பார்க்கவில்லை? மோடம் மாற்றியதிலிருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். ஐபிகான்ஃபிக், சாய்கோடு, ஆல் என்று அடித்து டிஎன்எஸ் சர்வர்கள் (ஒரு பெயரைக் கேட்டால் அதன் எண் விலாசத்தைச் சொல்பவை) என்ற வரியைப் பாருங்கள். என் ஊகம், அங்கே இரண்டு எண் இருக்கும். முதலில் போடி சர்வரின் எண், அதற்குக் கீழே 8.8.8.8 என்ற கூகுளின் பொது டிஎன்எஸ் எண் அல்லது மோடத்தின் எண். புது மோடம் வைக்க வந்த பையன், "விபிஎன் போனாலும் நெட் ஓடட்டும்" என்று நல்ல எண்ணத்தில் இரண்டாவதைச் சேர்த்திருப்பான். மற்ற கணினிகளில் நீங்கள் கையால் போட்ட எண் அப்படியே இருந்திருக்கலாம். இது மோடத்திடம் கேட்டு வாங்குகிற கணினியாக இருக்கும்.

இரண்டாவது எண் அவசரத்துக்கு உதவும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். காலையில் என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். மெயினைப் போடுகிறார்கள். மோடமும் கணினியும் ஒன்றாக உயிர் பெறுகின்றன. மோடம் நெட் பிடித்து, விபிஎன் கட்டி முடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். அதற்குள் கணினி எழுந்து, "எங்கள் டொமைனின் கன்ட்ரோலர் எங்கே?" என்று போடி சர்வரைக் கேட்கிறது, வழி இன்னும் திறக்கவில்லை, பதில் இல்லை. உடனே இரண்டாவது எண்ணைக் கேட்கிறது. அந்தப் பொது டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் நிறுவனத்தின் உள்பெயர் எப்படித் தெரியும்? "அப்படி ஒரு பெயரே கிடையாது" என்கிறது. பதில் வராமல் போவது வேறு, இல்லை என்று பதில் வருவது வேறு. இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் விண்டோஸ் அதை நம்பிவிடும், முதல் ஆளிடம் திரும்பப் போய்க் கேட்காது. புதிதாக ஊருக்கு வந்தவன் பஸ் ஸ்டாண்டில் யாரையோ விசாரித்து, "அப்படி ஒரு கடையே இல்லை" என்று கேட்டுத் திரும்பிப் போன கதை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்கிறபோது வழி திறந்திருந்தால் எஸ் டிரைவ் வருகிறது. உங்கள் பதினொரு மணி இதுதான்.

இதன் மேல் தேதிப் பிரச்சினை வேறு. டொமைனில் அடையாளம் சரிபார்ப்பது கெர்பரோஸ். கணினியின் மணியும் சர்வரின் மணியும் 5 நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அதன் இயல்பான வரம்பு. தேதியே பல வருடம் பின்னால் போன கணினிக்கு வழி திறந்த பிறகும் முட்டல் வரலாம்.

ஊகத்தை நம்ப வேண்டாம், பார்த்துவிடுங்கள். காலையில் கணினியைப் போட்டதும், யாரும் தேதியைத் தொடுவதற்கு முன், டபிள்யூ32டிஎம் கட்டளையில் நேரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்; சாய்கோடு குவெரி, சாய்கோடு சோர்ஸ். உங்கள் சர்வரின் பெயர் வர வேண்டும். 'லோக்கல் சிமோஸ் கிளாக்' என்று வந்தால் அது தன் சொந்த மணியில் ஓடுகிறது. அப்புறம் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து 1129, 1054, 1058 என்ற எண்கள் எத்தனை மணிக்கு விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். 1129 என்றால் டொமைன் கன்ட்ரோலரை எட்ட நெட்வொர்க் இல்லை. 1054 என்றால் அதன் பெயரே கிடைக்கவில்லை. 1058 என்றால் சர்வரைக் கண்டுபிடித்தது, ஆனால் சிஸ்வால் பகிர்விலிருந்து பாலிசிக் கோப்பைப் படிக்க முடியவில்லை. மெயின் போட்ட நேரத்தை ஒட்டி முதல் இரண்டும் வரிசையாக இருந்தால் என் கணக்கு சரி. 1058 மட்டும் நாள் முழுக்க வந்துகொண்டிருந்தால் என் கணக்கு தப்பு. அப்போது சிக்கல் சர்வர் பக்கம். நான்கு கணினியிலும் அது வர வேண்டும் என்பதால் இங்கே அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்.

திருத்துவது இப்படி. கிளைக் கணினி எதிலும் பொது டிஎன்எஸ் எண் இருக்கக் கூடாது, இரண்டாவதாகக் கூட. போடி சர்வர் மட்டும். வெளியுலகப் பெயர்களை அந்த சர்வரே ஃபார்வர்டர் வழியாக விசாரித்துக் கொடுக்கும். அப்படிச் செய்தால் விபிஎன் அறுந்த நேரத்தில் கிளைக்கு நெட்டே இருக்காது என்பீர்கள். உண்மைதான், மேலே மழைக்காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. அதற்கு நல்ல வழி, கிளையின் ரௌட்டரிலேயே ஏற்பாடு செய்வது: நிறுவனத்தின் டொமைன் பெயரில் முடிகிற கேள்விகளை மட்டும் போடிக்கு அனுப்பு, மற்றதை வெளியே கேள். பல ரௌட்டர்களில் இந்த வசதி உண்டு. கணினிகள் ரௌட்டரை மட்டும் கேட்டால் போதும். நான்கு கணினிக்காக மேலே ஒரு டொமைன் கன்ட்ரோலர் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூட்டிய அறை இல்லாத கிளையில் சர்வர் வைப்பது வேறு தலைவலி.

கூடவே, குரூப் பாலிசியில் கணினிப் பக்கம், நிர்வாக டெம்ப்ளேட்டுகள், சிஸ்டம், லாகான் என்று போனால், தொடங்கும்போதும் உள்ளே வரும்போதும் நெட்வொர்க்குக்காகக் காத்திரு என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை இயக்குங்கள். பூட் ஆகும்போது காத்திருக்கிற நேரம் இயல்பாக 30 நொடிதான். சிஸ்டத்துக்குக் கீழே குரூப் பாலிசி என்ற பகுதியில் அதை 120 என்று கூட்டலாம். காலையில் கணினி மந்தமாக எழுகிறது என்று காஷியர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். ஆனால் இதெல்லாமும் பாலிசிதானே, அந்தக் கணினிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. முதலில் டிஎன்எஸ்ஸைக் கையால் சரிசெய்து, ஒரு முறை ஜிபிஅப்டேட் கொடுத்து இதைச் சேர்த்துவிடுங்கள். ஃபோர்ஸ் அடிப்பதற்கு உண்மையான பயன் இங்கேதான்.

அந்தப் பின்குறிப்பில் இன்னொன்றும் கவனித்தேன். சாதாரணப் பயனரால் விண்டோஸில் தேதியை மாற்ற முடியாது; இயல்பாக அட்மினுக்குத்தான் அந்த உரிமை. காஷியர் தினமும் மாற்றுகிறார் என்றால், யாரோ என்றோ அவரை அந்தக் கணினியில் அட்மினாக்கி வைத்திருக்கிறார்கள். பணம் போகிற வருகிற கணினி. டிஎன்எஸ்ஸைச் சரிசெய்த கையோடு அதையும் எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தன் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது, காணாமல் போன பிரவுசர் வரி. ஜிபிஎடிட்டைத் திறந்தேன் என்கிறீர்கள். அது நீங்கள் உட்கார்ந்திருக்கிற கணினியின் உள்ளூர் பாலிசியை மட்டும்தான் காட்டும். டொமைனிலிருந்து ஒரு பாலிசி வந்து வேலை செய்துகொண்டிருந்தாலும், அங்கே அமைக்கப்படவில்லை என்றுதான் இருக்கும். டொமைன் பாலிசியைத் திருத்த குரூப் பாலிசி மேனேஜ்மென்ட் கன்சோல் வேண்டும். அங்கேயும் அந்த வரி இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஏனென்றால், எடிட்டரில் தெரிகிற வரிகள் பாலிசிக்குள் இருப்பவை இல்லை. ஏடிஎம்எக்ஸ் என்ற டெம்ப்ளேட் கோப்புகளிலிருந்து படித்துக் காட்டப்படுபவை. முன்பிருந்தவர் பிரவுசரின் டெம்ப்ளேட்டைத் தன் லேப்டாப்பில் மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்திருப்பார். லேப்டாப்போடு போய்விட்டார். அவர் போட்ட மதிப்பு பாலிசிக்குள் பத்திரமாக இருக்கிறது, கணினிகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. உங்களுக்குப் படித்துக் காட்ட ஆள் இல்லை. கன்சோலில் அந்தப் பாலிசியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் கடைசியில் 'எக்ஸ்ட்ரா ரெஜிஸ்ட்ரி செட்டிங்ஸ்' என்ற தலைப்பில் ரெஜிஸ்ட்ரி பெயர்களாகக் கிடக்கும்.

பிரவுசர் நிறுவனத்தின் டெம்ப்ளேட் தொகுப்பை இறக்கி, சர்வரின் சிஸ்வாலில் பாலிசீஸ் ஃபோல்டருக்குள் பாலிசிடெஃபினிஷன்ஸ் என்ற பொது இருப்பில் வைத்தால் அந்த வரிகள் எல்லாருக்கும் தெரியும். ஏடிஎம்எக்ஸ் நேராக அதில். ஏடிஎம்எல் மொழிக் கோப்பு அதற்குள் இருக்கும் மொழி ஃபோல்டரில். இங்கேதான் ஒரு பள்ளம். நான் அதில் விழுந்தவன். அந்தப் பொது இருப்பு என்று ஒன்று உருவான நிமிடத்திலிருந்து, எடிட்டர் உங்கள் கணினியில் இருக்கிற டெம்ப்ளேட்டுகளைப் பார்ப்பதை விட்டுவிடும். கம்பத்தில் ஓர் அலுவலகத்தில், ராத்திரி எட்டு மணிக்கு, காலி ஃபோல்டரை உருவாக்கி ஒரே ஒரு பிரவுசர் டெம்ப்ளேட்டை மட்டும் போட்டேன். எடிட்டரைத் திறந்தால் நிர்வாக டெம்ப்ளேட்டுகளில் பிரவுசரைத் தவிர ஒன்றுமில்லை. சிஸ்டம் இல்லை, நெட்வொர்க் இல்லை, விண்டோஸ் கூறுகள் இல்லை. பாலிசியெல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்து உட்கார்ந்த இடத்தில் வேர்த்துவிட்டது. ஒன்றும் அழியவில்லை, காட்டுவதற்குக் கோப்பு இல்லை, அவ்வளவுதான். அதனால் முதலில் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் பாலிசிடெஃபினிஷன்ஸ் முழுவதையும் அங்கே நகல் எடுங்கள். உங்களிடம் உள்ளதிலேயே புதிய விண்டோஸ் கணினியிலிருந்து எடுப்பது நல்லது. அதற்குப் பிறகு பிரவுசர் டெம்ப்ளேட்டைச் சேருங்கள். எடிட்டரில் ஃபில்டர் இயங்குகிறதா என்றும் ஒரு பார்வை. சில சமயம் வரி காணாமல் போனதற்குக் காரணம் அவ்வளவு அற்பமாக இருக்கும்.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது? ஓயு மாற்றமும் டெம்ப்ளேட்டும் போடியிலிருந்தே இன்றைக்கே செய்யலாம். ரௌட்டரில் கை வைப்பதை மட்டும் ஏல நாளில் செய்யாதீர்கள். புற்றடியில் ஏலம் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளையில் லாட் விவரம் திறக்கவில்லை என்றால், அன்றைக்கு நீங்கள் எது செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் பழி உங்கள் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை காலை மெயின் போடுகிற நேரத்துக்கு நேரில் போய் நில்லுங்கள். மேலே நான் சொன்ன சோதனையெல்லாம் அந்த முதல் பத்து நிமிடத்தில்தான் உண்மை பேசும். போகும்போது போடியிலேயே ஒரு கடிகாரக் கடையில் சிஆர் 2032 பேட்டரி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான டெஸ்க்டாப் போர்டுகளில் அதுதான். மேலே போய்த் தேடினால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.